யாழின் நாற்குற்றமும் மின்கித்தாரின் குரலும்

நரம்புக் கருவியைக் குற்றம் நாடி ஆராய்வது தமிழர்க்குப் புதிய கலை அன்று. கானல்வரியின் தொடக்கத்தில் மாதவி தொழுது வாங்கும் யாழின் வனப்பைக் கூறிய இளங்கோவடிகள் அவ்வளவில் அமையவில்லை. பத்தர் முதல் நரம்பு ஈறாக அதன் உறுப்புகள் குற்றம் நீங்கியவை என்பதையும் சேர்த்தே கூறுகின்றார். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்குகின்றான். நீரில் கிடந்து அழுகிய மரம், இடி வீழ்ந்த மரம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணமும் காட்டுகின்றான். கருவியின் பெயரையோ விலையையோ அவன் நோக்கவில்லை. அது எழுப்பும் ஓசையையும் அவ்வோசை பிறக்கும் இடத்தையுமே நோக்கினான்.

சிலப்பதிகார உரைமரபு இவ்வாராய்ச்சிக்கு நான்கு அளவுகோல்களை வகுத்துத் தந்திருக்கின்றது. செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்பன அவை. பண்ணோடு பொருந்தாது இன்பம் கெட ஒலித்தல் செம்பகை. அளவு கடந்து ஓங்கி ஒலித்தல் ஆர்ப்பு. உள்ள ஓசை வெளிப்படாது மழுங்கி ஒலித்தல் கூடம். இழுமென ஒழுகாது சிதறி ஒலித்தல் அதிர்வு. விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூல் 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னர், பண்டை யாழைப் பற்றிய ஆராய்ச்சி தமிழாசிரியரிடையே பெருகிற்று. ஆயினும் இந்நான்கு குற்றங்களும் தேர்வுக்கு மனனம் செய்யும் பட்டியலாகவே நின்றுவிட்டன. அவை இன்றைய கருவிக்கும் பயன்படுமா என்பதை ஆராய்வதற்கு மின்கித்தார் தக்கதோர் இடமாகும்.

கருவியும் களமும்

மலாக்காவுக்குக் கித்தார் அயலான கருவி அன்று. போர்த்துக்கீசியர் இந்நகரைக் கைப்பற்றிய 1511 ஆம் ஆண்டுக்குப் பின்னர் மேனாட்டு நரம்பிசை இங்கு வேரூன்றிற்று. உஜோங் பாசிரில் வாழும் அவர்தம் வழியினர் தங்கள் பிராஞ்யோ ஆடலுக்கு இன்றும் கித்தாரும் வயலினும் இசைக்கின்றனர். தமிழர் மேடைக்கு மின்கித்தாரைக் கொண்டுவந்தது திரையிசையே. உறுமி மேளம் ஒலித்த தோட்டத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவும் ஓர் இடம் பெற்றது. பால்மரக் காடுகள் சூழ்ந்த புக்கிட் ரம்பாய் வட்டாரம் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் கொண்டதாக மாறிய பின்னரும், திருமண மண்டபத்திலும் கோயில் வளாகத்திலும் தீபாவளிக் கலைநிகழ்ச்சியிலும் அக்குழுக்களுக்கு வேலை உண்டு.

இத்தகைய குழுவில் கித்தார் வாசிப்பவர் எதிர்கொள்ளும் சோதனை பெரிது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்துப் பாடலுக்குத் துள்ளும் மெல்லொலி வேண்டும். 'நினைத்தாலே இனிக்கும்' (1979) இசைக்குழு ஒன்றையே கதைப்பொருளாகக் கொண்ட படம். அதன் பாடல்களுக்கு மேடையை நிறைக்கும் ஒலி வேண்டும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாடலோ கித்தாரின் தனி நடையோடுதான் தொடங்குகின்றது. அங்கே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே தெளிவாகக் கேட்க வேண்டும். இவையனைத்தும் ஒரே இரவில், ஒரே கித்தாரில், இரு பாடல்களுக்கு இடைப்பட்ட சில நொடிகளில் மாற வேண்டியவை. பாடலுக்கொரு கித்தார் வாங்குவது சம்பளத்தை எண்ணிச் செலவிடுவோர்க்கு இயலாது. ஆகவே பலரும் மலிவான கித்தார் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பிக்அப்பை மட்டும் மாற்றி எல்லாவற்றையும் பெற முயல்கின்றனர்.

பிக்அப் என்பது தந்திகளுக்கு அடியில் அமைந்த காந்தமும், அதனைச் சூழ்ந்த நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளுமாகும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகின்றது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டமாகின்றது. ஒலிபெருக்கி அதனை ஓசையாக்குகின்றது. ஜார்ஜ் பீச்சம் என்பார் 1931 ஆம் ஆண்டில் இம்முறையில் அமைத்த கித்தாரை ரிக்கன்பாக்கர் நிறுவனம் மறு ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழுதான பிக்அப்பை மாற்றுவது என்றன்றி, குரலை மாற்றுவதற்காகவே பிக்அப்பை மாற்றும் வழக்கம் 1970களில்தான் பரவிற்று. 1972 ஆம் ஆண்டில் டிமார்சியோ வெளியிட்ட 'சூப்பர் டிஸ்டார்ஷன்' இதற்கு வழிகாட்டி. 1976 ஆம் ஆண்டில் சீமோர் டங்கன் நிறுவனம் தோன்றிற்று. இன்று சந்தையில் பிக்அப்புகள் எண்ணற்றவை. ஏறத்தாழ அனைத்தும் தம்மைப் 'பல்திறம் வாய்ந்தவை' என்றே கூறிக்கொள்கின்றன. இச்சொல்லைத்தான் திறனாய்வாளர் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நான்கு அளவுகோல்கள்

முதலாவது செம்பகை. காந்தம் தந்தியின் அதிர்வைக் கவர்வதோடு நில்லாமல், தந்தியையும் தன்பால் இழுக்கின்றது. வலிய காந்தம் தந்திக்கு மிக அருகில் இருப்பின் அதிர்வின் இயல்பு கெடுகின்றது. தடித்த தந்தியின் மேல் மெட்டுகளில் சுருதி இரண்டாகப் பிளந்து அலைவது போல் ஒலிக்கின்றது. தமிழ்ப் பாடலுக்கு இது சிறு குறை அன்று. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969 - 2014) ஐந்து தனித்தந்திகள் கொண்ட மின்மாண்டலினில் கமகத்தைக் கொணர்ந்து காட்டியதை இசையுலகம் அறியும். அசைத்து இழுத்து வாசிக்கும் இசைக்கு, ஒலி நீண்டு நிற்பதும் சுருதி பிறழாமையும் இன்றியமையாதவை. ஆறு காந்தத் தண்டுகள் நேரே தந்தியை நோக்கி நிற்கும் ஒற்றைச் சுருள் பிக்அப்பில் இக்குற்றம் எளிதில் நேரும். வலிமை குறைந்த அல்நிக்கோ 2 வகைக் காந்தம் இதனைத் தணிக்கும். பிக்அப்பைத் திருகாணியால் சற்றே தாழ்த்துவதும் தணிக்கும். பின்னதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது ஆர்ப்பு. மாற்றுப் பிக்அப் வாங்குவோரில் பலர் நாடுவது உரத்த ஒலியையே. சுருளில் சுற்று மிகுந்தால் வெளிப்பாடும் மிகும். ஒலிபெருக்கி விரைவில் கரகரக்கும். ராக் இசையில் அக்கரகரப்பே அழகாகும். அதனைக் குற்றம் என்று ஒதுக்குவது நேர்மை ஆகாது. ஆயினும் மெல்லிசை மேடையில் பாடகரின் சொல் கேட்க வேண்டும். கவிஞரின் சொல்லைக் கித்தார் விழுங்குமாயின், கேட்போர்க்கு மெட்டு மட்டுமே எஞ்சும்.

மூன்றாவது கூடம். இஃது ஆர்ப்பின் மறுபக்கமாகும். சுற்றுகளை மிகுத்தால் ஒலி உரப்பதோடு, மேல் ஓசைகளும் மழுங்குகின்றன. வீட்டில் தனியே வாசிக்கும்போது கொழுமையாகத் தோன்றும் அவ்வொலி, கீபோர்டும் பேஸ் கித்தாரும் தபேலாவும் சேர்ந்த மேடையில் இருந்த இடம் தெரியாமல் போகின்றது. கழுத்துப் பக்கத்துப் பிக்அப்பில் இக்குறை மிகுதி; அங்குத் தந்தியின் வீச்சு பெரிதாதலால் ஒலி இயல்பாகவே தடித்திருக்கும். குதிரைப் பக்கம் வீச்சு சிறிது. ஆகவே அங்கு வைக்கும் பிக்அப் சற்றே மிகுதியாகச் சுற்றப்பட்டிருத்தல் முறை.

நான்காவது அதிர்வு. சுருளின் கம்பிகள் இறுக்கமின்றி இருப்பின், உரத்த மேடையில் அவையே அதிர்ந்து கிறீச்சிடும். உருக்கிய மெழுகில் தோய்த்தெடுத்த பிக்அப்பில் இத்தொல்லை குறைவு. குதிரைப் பக்கத்து ஒற்றைச் சுருள் கூரிய ஒலி தருவது. அது காதைக் கிழிக்கும் அளவுக்குச் சிதறுமாயின், அதுவும் அதிர்வின்பாற்படும்.

பழையோர் அறியாத ஐந்தாம் குற்றமும் ஒன்று உண்டு. அது மின்சாரத்தின் இரைச்சல். மலேசியாவின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. குழல்விளக்குகளும் அலங்கார விளக்குகளும் நிறைந்த மண்டபத்தில் ஒற்றைச் சுருள் பிக்அப் அவ்விரைச்சலையும் இசையோடு சேர்த்தே கவர்ந்துவிடும். கிப்சன் நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவர் இதற்கு மாற்றுக் கண்டு 1955 ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எதிரெதிர் காந்த முனைகளை உடைய இரு சுருள்களை எதிரெதிராக இணைத்தால், புறத்திலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலி ஒன்றோடொன்று கூடும். ஹம்பக்கர் என்னும் பெயர் இத்திறத்தால் வந்ததே.

பல்திறம் என்பது யாது?

இவ்வளவுகோல்களால் நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். குறைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில, பின்னர் ஈடு செய்யக்கூடியவை. சில, ஈடு செய்ய இயலாதவை. வெளிப்பாடு குறைந்த பிக்அப்பின் ஒலியைப் பெடல் ஒன்றால் வேண்டும்போது உரக்கச் செய்யலாம். பிறவியிலேயே ஆர்ப்புடைய பிக்அப்பை முற்றும் அடக்குதல் அரிது. தெளிவு மிகுந்த ஒலியை டோன் திருகால் மென்மையாக்கலாம். சுருளிலேயே இழந்துவிட்ட தெளிவை எத்திருகாலும் முழுமையாக மீட்க முடியாது. ஆகவே பல்திறம் என்பது எல்லாவற்றையும் மிகுதியாகப் பெற்றிருத்தல் அன்று. எதனையும் மீளா வண்ணம் இழந்துவிடாமல் இருத்தலே பல்திறம். அடங்கிய வெளிப்பாடும் தெளிந்த குரலும் உடைய பிக்அப்பே பல பாடலுக்கும் இடம் கொடுக்கும்.

இங்கு விற்பனைத் தாள்களில் காணும் எண்ணைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பிக்அப்பின் மின்தடையைக் கிலோ ஓம் கணக்கில் குறித்து, எண் பெரிதாயின் வலிமையும் பெரிது என்று கருதுவோர் பலர். கம்பி மெலிதானாலும் தடை கூடும். காந்தத்தின் வலிமையோ இவ்வெண்ணில் அடங்குவதே இல்லை. ஒரே கம்பியால் ஒரே அமைப்பில் சுற்றிய இரண்டை ஒப்பிடவே அவ்வெண் உதவும். மற்றபடி அதனைக் கொண்டு குரலை மதிப்பிடுவது, அடிகளை எண்ணிக் கவிதையை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.

மெல்லிசைக் குழுவின் தேவைக்கு ஏற்ற தேர்வு இனி எளிதாகின்றது. குதிரைப் பக்கம் நடுத்தர வெளிப்பாடுடைய ஹம்பக்கர் ஒன்றை வைத்தல் நலம். பழைய கிப்சன் முறையில் அமைந்தவற்றின் தடை ஏறத்தாழ 8 கிலோ ஓம் அளவில் இருக்கும். கழுத்துப் பக்கம் அதனினும் சற்று மென்மையான ஹம்பக்கரோ, கித்தாரின் அமைப்பு இடம் தருமாயின் ஒற்றைச் சுருளோ பொருந்தும். ஹம்பக்கரின் இரு சுருள்களுக்கும் தனித்தனி முனைகள் இருத்தல் வேண்டும். காப்புக் கம்பியை நீக்கி நான்கு கம்பிகள் வெளிவரும் வகையே அது. ஒரு சுருளை மட்டும் ஒலிக்கச் செய்யும் முறையைப் பலர் விரும்புவர். அதனால் துள்ளும் மெல்லொலி கிட்டும். ஆயின் அடங்கிய இரைச்சலும் மீண்டும் எழும். இரு சுருள்களையும் பக்க இணைப்பில் சேர்த்தாலோ ஒலி மெலிந்து தெளிகின்றது. இரைச்சலும் அடங்கியே இருக்கின்றது. விளக்குகள் நிறைந்த மண்டபத்துக்கு இதுவே தக்கது. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் திருகும் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் திருகும் பொருத்துவது பொதுவழக்கு. குறைந்த மதிப்புடைய திருகு ஒலியின் கூர்மையைக் குறைக்கும். 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் பிக்அப்புகளும் உண்டு. அவற்றில் இரைச்சல் மிகக் குறைவு. ஆயினும் நள்ளிரவு வரை நீளும் நிகழ்ச்சியில் மின்கலம் தீர்ந்தால் கித்தார் ஊமையாகும் என்பதை மறத்தலாகாது.

மரம் முதல், குரல் பின்

எல்லாவற்றுக்கும் முன்னர்ச் சீவகன் காட்டிய வழியை நினைவுகூர்தல் நன்று. அவன் முதலில் நோக்கியது மரத்தை. கழுத்து வளைந்து, மெட்டுகள் தேய்ந்து, சுருதி நில்லாத கித்தாரில் விலையுயர்ந்த பிக்அப்பைப் பொருத்தினால், அது அக்கித்தாரின் குற்றங்களைத் தெளிவாக எடுத்துச் சொல்லுமேயன்றி நீக்காது. புதிய தந்திகள், ஒழுங்கான மெட்டுகள், பழுதற்ற கேபிள், சரியான உயரத்தில் நிறுத்திய பிக்அப் ஆகியவற்றைச் செப்பம் செய்தபின், அக்கித்தாரைக் குழுவோடு மேடையில் கேட்டுப் பார்க்க வேண்டும். அதன் பின்னரும் குறை தோன்றுமாயின், அது நான்கில் எது என்று பெயரிட்டுக் கூற இயலவேண்டும். குறையின் பெயர் தெரியாமல் மருந்து வாங்குவோர் மீண்டும் மீண்டும் வாங்கிக்கொண்டே இருப்பர்.

யாழுக்கு வகுத்த குற்றங்களை மின்கித்தாருக்குப் பொருத்துவது வலிந்து கொள்ளும் பொருள் என்று சிலர் கூறக்கூடும். மரம் வேறு, காந்தம் வேறு என்பது மெய்யே. ஆனால் உரைமரபு அந்நான்கையும் வரையறுத்தது செவியில் விழும் ஓசையைக் கொண்டே. கருவிகள் மாறின, கேட்கும் செவி மாறவில்லை. வகுப்பறையில் செம்பகையும் ஆர்ப்பும் கூடமும் அதிர்வும் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசிக்கும் மாணவனை முன்னே அழைத்து நான்கையும் ஒலித்துக் காட்டச் செய்யலாம். அன்று அச்சொற்கள் மனனப் பட்டியலிலிருந்து விடுபட்டு மாணவர் செவியில் உயிர்பெறும். அம்மாணவனும் கடைக்குச் செல்லுமுன் தனக்கு வேண்டுவது எது என்று தன் மொழியிலேயே சொல்லக் கற்றிருப்பான்.