கண்ணப்பனுக்கு எவ்வளவு கடன் இருந்தது?

அம்பாசமுத்திரத்தில் உடலுறுப்புக் கொடை பற்றி ஒரு கூட்டம். பேச வந்த தமிழாசிரியர் எடுத்த எடுப்பிலேயே கண்ணப்ப நாயனாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். உறுப்பு மாற்றுச் சிகிச்சையைத் தமிழன் அப்போதே செய்துவிட்டான் என்றார். நல்ல கைதட்டல். நான் தட்டவில்லை. முந்தின நாள் ஊசி குத்திய கை என்பதும் ஒரு காரணம்.

நான் பாபநாசத்துக்காரன். சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருசமாகிறது. வாரம் மூன்று நாள் விடியுமுன் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை போய், நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துக் கிடக்கிறேன். டயாலிசிஸுக்குக் காப்பீட்டு அட்டை உண்டு. பஸ்ஸுக்கும் போன வேலைக்கும் அட்டை கிடையாது. நிமிசத்துக்கு அரை லிட்டர் கணக்கில் 120 லிட்டர் திரவம் ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கமாக ஓடி என் ரத்தத்தின் அழுக்கை வாங்கிப் போகிறது. எனக்குக் குடிக்கக் கொடுத்திருப்பது நாளைக்கு முக்கால் லிட்டர். வற்றாத தாமிரபரணிக் கரையில் நாக்கு வறண்டு கிடக்கிறேன். ஊர்ப்பேர் வேறு பாபநாசம். பாவம் கழிக்க வருகிறவர்கள் உடுத்தின துணியை ஆற்றில் விட்டுவிட்டு, 'எந்தப் பிறவிப் பாவமோ' என்று என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

பெரியபுராணத்தை எம்.ஏ.வில் பக்திச்சுவை எழுதி மார்க் வாங்குவதற்காகப் படித்தவன் நான். டயாலிசிஸ் கட்டிலில் மறுபடி வாசித்தபோது பிரதி வேறாக இருந்தது. திண்ணன் வேடன். அவன் கொண்டுவரும் இறைச்சியைச் சிவகோசரியார் தீட்டு என்று கழுவித் தள்ளுகிறார். ஐந்தாம் நாள் இரவு சிவன் அவர் கனவில் வந்து, நாளைக்கு ஒளிந்திருந்து அவன் அன்பைப் பார் என்கிறார். மறுநாள் சிவனின் வலது கண்ணில் ரத்தம் வழிகிறது. திண்ணன் முதலில் பச்சிலை தேடி ஓடுகிறான். அது கேட்கவில்லை என்றபிறகுதான் தசைக்குத் தசையே மருந்து என்று தன் கண்ணை அம்பால் தோண்டுகிறான். இந்தக் கதையில் யாருக்கு நோய்? கடவுளுக்கு இல்லை. அர்ச்சகருக்குப் பாடம் நடத்த ஒரு வேடனின் கண் போகிறது. அவன் கொண்டுவந்த இறைச்சி தீட்டு, பிடுங்கிய கண் தீட்டில்லை. 'அன்பு' என்ற சொல் இந்த முழு வியாபாரத்தையும் மூடி மறைக்கிறது.

அதே சொல்லை 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்திலும் பார்க்கலாம். நெருங்கிய உறவல்லாதவரும் அன்பு அல்லது பற்றுக் காரணமாகக் கொடுக்கலாம், குழு விசாரித்து அனுமதிக்கும். அன்பை நிரூபிக்கச் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ வரைக்கும் கேட்பார்கள். ஆனால் அன்பு ஏன் எப்போதும் கீழேயிருந்து மேலேயே போகிறது? முதலாளிக்குத் தன் சமையல்காரிமேல் பற்று வந்து சிறுநீரகம் கொடுத்த கதையை நான் கேள்விப்பட்டதில்லை. வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பேர் வந்தது பக்தியாலா? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் சந்தித்து எழுதிய ஆய்வு இருக்கிறது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். விற்றபிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு கெட்டுவிட்டது என்றார்கள். 2007இல் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புப் பெண்கள், 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளிகள். திண்ணன் இன்னொரு கண்ணுக்கும் அம்பை எடுத்தபோது தடுக்கச் சிவன் கை நீட்டினான். இவர்களுக்கு நீண்ட கை தரகனுடையதுதான்.

இதையெல்லாம் வெளியில் நின்று எழுதுவது சுலபம். என் கதையையும் சொல்லியாக வேண்டும். அம்மா, "என்கிட்ட ரெண்டு இருக்குல்லாய்யா, ஒண்ணை எடுத்துக்கிடு" என்றாள். அவளுக்குச் சர்க்கரை, டாக்டர் முடியாது என்றுவிட்டார். பிறகு ஒரு டீக்கடையில் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆள் இருக்கு தம்பி. நம்ம ஆளுங்கதான், பேசிக்கிடலாம்." சட்டையைப் பிடித்தேன் என்று எழுத ஆசைதான். எவ்வளவு என்று கேட்டேன். அதுதான் நடந்தது. வாங்குகிற பக்கத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. யாருடைய உடம்புக்கு விலை கேட்டோம் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

இப்போது அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதிந்து காத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்தே ஒரு பட்டியலில் இருப்பவன், இது இரண்டாவது பட்டியல். இதில் ரத்த வகை கேட்கிறார்கள், சாதி கேட்கவில்லை. 2008இல் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் கொடுத்தபிறகு இந்த வழி தமிழ்நாட்டில் பரவலாகத் திறந்தது. அந்தப் பாதிப்பில் வந்த 'சென்னையில் ஒரு நாள்' (2013) படத்தில் இதயம் போய்ச் சேர்வதென்னவோ நட்சத்திர நடிகர் மகளுக்கு. 2023இலிருந்து உறுப்புக் கொடுத்தவர் உடலுக்கு அரசு மரியாதை. நல்லது, இதை நான் வரவேற்கிறேன். நம் சேரிப் பையன் ஒருவன் அப்படிக் கொடுத்துவிட்டுப் போனால், அரசு மரியாதையோடு வரும் அந்த உடல் ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகுமா என்பதையும் அரசு சொல்லட்டும்.

இரவில் போனை அணைப்பதில்லை. மணி அடித்தால் எங்கோ ஒரு வீட்டில் இழவு என்று அர்த்தம். அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்பதை எந்த அன்பில் சேர்ப்பது?

கூட்டம் முடிந்ததும் அந்தத் தமிழாசிரியரிடம் போய், "கண்ணப்பனுக்கு எவ்வளவு சார் கடன் இருந்தது?" என்று கேட்டேன். "புராணத்துல கடன் ஏது தம்பி" என்று சிரித்து, காபி டம்ளரை நீட்டினார். என் முக்கால் லிட்டரில் அன்றைக்கு மிச்சம் இரண்டு வாய்தான். பாதியைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.