அரை மில்லிமீட்டர் இரும்பு

பழைய ஆங்கிலேய இரட்டைக் குழல் துப்பாக்கி கைக்கு வந்தால் ரசிகர்கள் பூட்டுத் தகட்டில் செதுக்கிய கொடிகளில் மயங்கிப்போவார்கள். பழுதுபார்ப்பவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. குழல்களை மட்டும் கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டுவார். ரீங்காரம் நீண்டு நின்றால், குழலிரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நடுப்பட்டை உறுதியாக இருக்கிறது. மொண்ணையாக அறுந்தால் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் ஈரம் புகுந்து துரு தின்றுகொண்டிருக்கலாம்.

இந்தக் குழல்களைக் கெடுத்தது சுட்டது அல்ல, சுட்டபின் காட்டிய சோம்பல். கருமருந்தின் கசடும் பழைய தோட்டாக்களின் தீக்குப்பி விட்டுச்சென்ற உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாத குழலில் குழிகள் விழும். அவற்றைப் போக்க ஒரே வழி, ஈயத்தில் வார்த்த தண்டில் குருந்தப்பொடி பூசி, உட்சுவரைக் குழியின் ஆழம்வரை தேய்த்து இறக்குவது. வெளிப்புறத் துருவுக்கு அரமும் உப்புத்தாளும். ஆக, ஒவ்வொரு அழகுபடுத்தலும் சுவரை இரண்டு பக்கமும் இளைக்க வைக்கிறது. 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், முன்பாதியில் சுவர் அரை மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் அனுபவசாலிகள் கையைக் கட்டிக்கொள்வார்கள். எதைத் தேய்ப்பது என்பதைவிட எதைத் தேய்க்காமல் விடுவது என்று தெரிந்தவரையே நான் கலைஞர் என்பேன்.

ஒடுக்கு எடுப்பதில் அந்தக் கைத்திறன் நன்றாகத் தெரியும். குடத்துக்கு ஒடுக்கு எடுப்பதுபோல உள்ளிருந்து தட்ட இங்கே இடமில்லை. குழலுக்குள் இறுக்கமான பித்தளை அடைப்பானையோ, எண்ணெய் அழுத்தத்தில் விரியும் கருவியையோ நுழைத்து, வெளியே சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுவார்கள். உலோகம் மெல்லத் தன் இடத்துக்கு வரும். அவசரக்காரர் மேட்டை அராவிச் சமன்செய்துவிடுவார். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அந்த இடத்தில் சுவர் காகிதமாகியிருக்கும்.

டமாஸ்கஸ் குழல் என்றதும் நம்மவர்களுக்கு உருக்கு வாளின் பெருமை நினைவுக்கு வரும். இது வேறு. வாளின் நீரோட்டக் கோலம், தென்னிந்திய உலைகளில் மூசையில் உருகிய எஃகு ஆறும்போது தானாக உருவானது. குழலில் அது கைவேலை. இரும்பையும் எஃகையும் அடுக்கிப் பற்றவைத்து, கம்பியாக நீட்டி, முறுக்கி, பக்கம் பக்கமாகச் சேர்த்து, தண்டின்மேல் சுருளாகச் சுற்றி அடித்து ஒன்றாக்கியது. பெர்மிங்காமிலும் பெல்ஜியத்தில் லியேஜ் அருகே வெஸ்த்ர ஆற்றங்கரையிலும் இதற்கென்றே கொல்லர்கள் இருந்தார்கள். முதல் உலகப்போரோடு அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்தது.

தேய்ந்து மங்கிய அந்தக் கோலத்தைத் திரும்ப எழுப்புவது துருவே. எண்ணெய்ப் பிசுக்கைச் சுண்ணப்பொடியால் போக்கி, அமிலக் கரைசலை லேசாக ஒற்றி, ஈரப்பெட்டியில் வைப்பார்கள். மெல்லிய துரு பூக்கும். கொதிநீரில் இட்டு, நுண்கம்பித் தூரிகையால் உதிர்த்து, மறுபடி பூசுவார்கள். நாள்கணக்கில் இப்படியே போகும். இரும்பும் எஃகும் கரைசலை வெவ்வேறாக ஏற்பதால் பழுப்பும் வெளுப்புமாகச் சுருள்கள் மேலே வரும். பட்டறைக்குப் பட்டறை கரைசல் ரகசியம் வேறு. இன்றைய துப்பாக்கிகளைக் கறுப்பாக்கும் கொதிகார உப்புத் தொட்டி இவற்றுக்கு ஆகாது. அது ஈயப்பற்றைத் தின்றுவிடும், நடுப்பட்டைக்கு அடியில் தங்கி அரிக்கும்.

மீட்க முடியாதபடி இளைத்தவற்றுக்கு இரண்டு வழி உண்டு. பின்முனையில் சில அங்குலங்களை மட்டும் வைத்துக்கொண்டு முன்பகுதியை அறுத்து, புதிய எஃகுக் குழாய்களைச் செருகுவது ஒன்று. ஆங்கில விதிப்படி ‘ஸ்லீவ்ட்’ என்று குழலில் பொறித்தாக வேண்டும். துப்பாக்கி பிழைக்கும், ஆனால் சுருள்கோலம் அங்கேயே முடிந்துபோகும். மற்றொன்று, உள்ளே மெல்லிய எஃகுக் குழாயைப் பொருத்துவது. வெளித்தோற்றம் அப்படியே இருக்கும் என்பதால் என் ஓட்டு இதற்கு.

எந்த வழியானாலும் கடைசியில் சோதனைக்கூடம் போக வேண்டும். லண்டன் கூடத்தை நடத்தும் துப்பாக்கிச் செய்வோர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. பெர்மிங்காம் கூடம் 1813-இல் வந்தது. அங்கே வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடித்தால் நட்டம் கொண்டுவந்தவருடையது. இந்தப் பயத்தினாலேயே நல்ல பட்டறைக்காரர்கள் சில குழிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஏலப் பட்டியலில் ‘உள்ளே லேசான குழிகள்’ என்றிருந்தால் விலை இறங்கும். கண்ணாடியாக மின்னும் குழல் என்று எழுதிவிட்டுச் சுவர்த் தடிமனைச் சொல்லாத துப்பாக்கிக்கு நான் கை தூக்கமாட்டேன்.