லைசென்ஸ் ஒருத்தரிடம், பணம் இன்னொருத்தரிடம்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்த நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டம். அதன் 10ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் ஆள் எடுக்கக்கூடாது. பெரிய ஏஜென்ட் என்றால் 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரணும். தொழிலாளியிடம் வாங்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. ஜிஎஸ்டி சேர்த்து 35,400. ரசீதும் கொடுக்கணும்.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்குத் தெரிந்து எங்க ஊரிலிருந்து சவூதிக்குப் போன யாரும் ஏஜென்சி ஆபீசில் பணம் கட்டியதில்லை. "நம்ம பையன்தானே, நான் பாத்துக்கறேன்" என்று ஊர்க்காரர் ஒருத்தர் வருவார். நகையை அடகு வைத்த பணம் அவர் கைக்குப் போகும். ரசீது கேட்டால், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்பார். இவர்தான் சப்-ஏஜென்ட். சட்டத்தில் இவருக்கு இடமில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவருக்கோ இவர் இல்லாமல் தொழில் இல்லை.

மென்பொருள்காரனாக எனக்கு இது பழகிய ஓட்டை. சரிபார்ப்பு ஒரு வாசலில், நடமாட்டம் இன்னொரு வாசலில்.

சரி, மாட்டினால்? 24ஆம் பிரிவுப்படி அதிகபட்சம் 2 வருடம் சிறை, 2,000 ரூபாய் அபராதம். வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. ஏமாந்தவரோ அவருடைய பெற்றோர், மனைவி போன்றவர்களோ நேரடியாகப் புகார் கொடுத்தால் அனுமதி தேவையில்லை. ஆனால் எதைக் காட்டிப் புகார் கொடுப்பது? ரசீதுதான் இல்லையே.

லைசென்ஸ் விதிகளை இன்னும் இறுக்கணும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உத்தரவாதத் தொகை ஏற ஏற, சின்ன ஆட்கள் லைசென்ஸே எடுக்காமல் சப்-ஏஜென்டாகவே இருந்துவிடுவார்கள்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருடத்து 181ஆம் உடன்படிக்கை வேறு வழி சொல்கிறது: பொதுவாகத் தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக்கூடாது. இந்தியா இதை இன்னும் ஏற்கவில்லை. ஏற்றால், செலவு ஆள் கேட்ட முதலாளியுடையது. 30,000 என்று வரம்பு வைத்தால், வாங்கியது எவ்வளவு என்று நிரூபிக்கணும். பூஜ்யம் என்றால், பணம் கேட்ட நிமிஷமே அது தப்பு என்று கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவருக்கும் புரிந்துவிடும். நகை பீரோவிலேயே இருக்கும்.