முதல் காட்சித் தீர்ப்பு: அண்மைத் தமிழ்ப் படங்களும் அவற்றின் விமர்சனங்களும்

திரைப்பட விமர்சனம் என்பது, ஒரு படம் என்ன செய்ய முயன்றிருக்கிறது, அதில் எவ்வளவு வெற்றி கண்டிருக்கிறது, அந்த முயற்சி தகுதியானதுதானா என்பவற்றைக் காரணம் காட்டி எடுத்துரைப்பது. இன்று தமிழில் விமர்சனம் என்ற பெயரில் நம்மை வந்தடைவதில் பெரும்பகுதி இதுவன்று. "பார்க்கலாம்", "பார்க்க வேண்டாம்" என்ற தீர்ப்பே முதலில் வருகிறது. பல நேரங்களில் அதோடு முடிந்தும் விடுகிறது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மெய்யழகன், கங்குவா, கொட்டுக்காளி, டூரிஸ்ட் ஃபேமிலி ஆகிய நான்கு படங்களையும் அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பையும் முன்வைத்து, இந்த அவசரத் தீர்ப்பால் படத்துக்கும் பார்வையாளருக்கும் நேரும் இழப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஆனந்த விகடனில் கல்கி இசை பற்றியும் திரைப்படங்கள் பற்றியும் எழுதினார். அவருடைய ‘தியாகபூமி’ அதே இதழில் தொடராக வந்து, கே. சுப்ரமணியம் இயக்கத்தில் 1939இல் படமாகவும் வெளிவந்தது. விகடன் உரிமையாளர் எஸ். எஸ். வாசன் ஜெமினி ஸ்டூடியோவை நடத்தி ‘சந்திரலேகா’ (1948) போன்ற பெரும் படங்களை எடுத்தார். விமர்சனம் எழுதும் இடமும் படம் எடுக்கும் இடமும் அருகருகே இருப்பது யூடியூப் காலத்தில் தோன்றிய சிக்கல் அன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

விகடன் பிற்காலத்தில் படங்களுக்கு நூற்றுக்கு மதிப்பெண் வழங்கியது. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படத்துக்கு 62.5, மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்துக்கு 61. பள்ளிக்கூடத்தில் 62 வாங்கும் பிள்ளையை "பரவாயில்லை" என்றுதான் சொல்வோம். விகடனிலோ அது பெரிய மதிப்பெண். கை இறுக்கமாகப் போட்டதால்தான் அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பு இருந்தது. அதோடு, அது வார இதழ். படம் வெளிவந்து சில நாள் சென்ற பின்பே விமர்சனம் வாசகர் கைக்கு வரும். அதற்குள் படத்தைத் தாமே பார்த்து முடித்தவர்கள், தம் கருத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதைப் படித்தார்கள்.

ஒன்பது மணிக்கு முன்பே வரும் விமர்சனம்

2023 சனவரியில் ‘துணிவு’ படத்தின் நள்ளிரவுக் கொண்டாட்டத்தின்போது சென்னையில் ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றன. பெரிய படங்களுக்குக்கூட முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளத்திலோ ‘லியோ’ (2023), ‘கோட்’ (2024) போன்ற படங்கள் அதிகாலை 4 மணிக்கே தொடங்கின. இதன் விளைவை எங்கள் பகுதியில் எளிதாகக் காணலாம். குரோம்பேட்டை வெற்றி திரையரங்கில் முதல் காட்சிக்குக் கதவு திறக்கும் முன்பே, பாலக்காட்டில் படம் பார்த்து முடித்தவரின் கருத்து தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் போகும் மாணவரின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. முதல் பாதி எப்படி, இரண்டாம் பாதி எப்படி என்று இடைவேளையிலேயே பதிவிடுபவர்களும் உண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே மனத்தில் ஒரு மதிப்பெண் விழுந்துவிடும். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தால் பல நேரம் அது மாறும். படிக்காமல் போட்டுவிட்டால், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் வசதி மாணவருக்கு உண்டு. திரைப்படத்துக்கு அந்த வசதி இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள் கூட்டத்தைப் பார்த்தே திங்கட்கிழமைக் காட்சிகள் முடிவாகின்றன. பெரிய நடிகர் இல்லாத படம் அந்த மூன்று நாளில் பெயர் வாங்காவிட்டால், இருக்கும் காட்சிகளும் வேறு படத்துக்குப் போய்விடும்.

மெய்யழகன்: நீளம் ஒரு குற்றமா?

சி. பிரேம்குமார் இயக்கத்தில் கார்த்தி, அரவிந்த் சாமி நடித்த ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று வெளிவந்தது. சொத்துத் தகராற்றால் தஞ்சையை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்ட ஒருவர், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உறவுக்காரப் பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் போகிறார். அங்கே "அத்தான்" என்று உருகி உபசரிக்கும் ஒருவனின் பெயர் இவருக்கு நினைவில் இல்லை. கதை இவ்வளவுதான்.

முதல் சில நாட்களில் பெரும்பாலான கருத்துகள் ஒரே சொல்லில் நின்றன: நீளம். இயக்குநரும் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் படம் ஏன் நீளமாக இருக்கிறது என்பது. வந்தவர் அன்றிரவே திரும்பிவிடத் திட்டமிட்டவர். பேருந்தைத் தவறவிட்டதால்தான் தங்குகிறார். புறப்பட நினைக்கும் விருந்தாளியைப் புறப்பட விடாமல் பிடித்து வைப்பதே கதை. கிராமத்து உறவினர் வீட்டில் ஒருநாள் தங்கியவருக்கு அந்த நேரத்தின் நகர்வு தெரியும். அந்த மெதுவான நகர்வை எடுத்துவிட்டால் படத்தின் பொருளும் கொஞ்சம் குறைகிறது.

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கார்த்தியின் பாத்திரத்துக்கு ஒரு சிறு குறைகூட வைக்கப்படவில்லை. அன்பு, அறிவு, வரலாற்று உணர்வு, வீரம் எல்லாம் ஒருவனிடமே குவிந்திருப்பதால், இரண்டாம் பாதியில் அவன் பேச்சு மனிதன் பேசுவதாக இல்லாமல் கட்டுரை வாசிப்பதாக ஆகிவிடுகிறது. இதுவே படத்தின் உண்மையான பலவீனம் என்பது என் கருத்து. இது நிமிடக் கணக்கில் சரியாகும் குறை அன்று.

"இழுவை" என்று கேள்விப்பட்டு நானும் தள்ளிப்போட்டவன்தான். இரண்டாம் வாரத்தில் போனபோது வெட்டப்பட்ட படமே ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் முதலில் முடித்துக் கொடுத்த முழுப்படத்தைத் திரையரங்கில் பார்க்கும் வாய்ப்பு அதற்குள் போய்விட்டது. அவசரத் தீர்ப்பு கூட்டத்தை மட்டும் குறைப்பதில்லை, படத்தையே மாற்றிவிடுகிறது என்பதை அன்றுதான் நேரில் உணர்ந்தேன்.

கங்குவா: பயன்பட்ட குறையும் பயன்படாத கேலியும்

சிவா இயக்கத்தில் சூர்யா நடித்த ‘கங்குவா’ 2024 நவம்பர் 14 அன்று வெளிவந்தது. இப்படத்துக்கு வந்த கருத்துகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை: ஒலி காதைத் துளைக்கிறது, தொடக்க அரைமணி நேரம் ஒட்டவில்லை என்பவை. இவை குறிப்பானவை, யாரும் சரிபார்க்கக்கூடியவை. ஒலியின் அளவை இரண்டு புள்ளி குறைக்குமாறு திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளர் கே. ஈ. ஞானவேல்ராஜா கூறினார். ஆஸ்கர் விருது பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் நம் படங்களில் ஓசையைக் கூட்டிக்கொண்டே போகும் போக்கைப் பற்றி வருத்தத்துடன் எழுதினார். படத்துக்கு ஆதரவாகப் பேசிய நடிகை ஜோதிகாவே ஒலியையும் முதல் அரைமணி நேரத்தையும் குறையாக ஒப்புக்கொண்டார். பின்னர் படத்திலிருந்து 12 நிமிடங்கள் நீக்கப்பட்டன. இங்கே விமர்சனம் தன் வேலையைச் செய்தது.

இரண்டாம் வகை கேலி. நடிகரின் முந்தைய பேட்டிகள், படத்தின் வசூல் பற்றி முன்பு சொன்னவை ஆகியவற்றை எடுத்து நகையாடியவை. இவற்றால் படத்தின் ஒரு குறைகூடத் திருந்தவில்லை. துரோகியின் மகனைக் காப்பதாக வாக்களித்த தலைவன், தன் இனத்துக்கும் அந்த வாக்குக்கும் இடையே அகப்படுவது இப்படத்தின் நடுக்கரு. அது வலுவான கரு. திரைக்கதை அதை ஏன் தாங்கவில்லை என்று விளக்கியவர்கள் மிகச் சிலரே. அந்த விளக்கம் கிடைத்திருந்தால் அடுத்து படம் எடுக்க வருபவருக்குப் பயன்பட்டிருக்கும்.

கொட்டுக்காளி: தவறான அளவுகோல்

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ 2024 பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று இங்கு வெளிவந்தது. அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வெளியானது. வேறு சாதி இளைஞனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக எண்ணி, குடும்பத்தார் அவளைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறார்கள். அந்தப் பயணமே படம். பின்னணி இசை கிடையாது. அன்னா பென் ஏற்ற பெண் பாத்திரம் ஏறக்குறைய பேசுவதே இல்லை.

"பாட்டு இல்லை, இசை இல்லை, முடிவு இல்லை" என்று திரையரங்க வாசலில் பலர் சொன்னது பொய்யில்லை. டிக்கெட் வாங்கி வந்தவரின் ஏமாற்றத்தை நாம் குறைத்துப் பேசக் கூடாது. விமர்சகரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இசை இல்லாததால் ஆட்டோவின் இரைச்சலும் காற்றும் ஆண்களின் அதட்டலும் மட்டும் நம் காதில் விழுகின்றன. எல்லோரும் பேச, அவள் பேசாதிருப்பதே அவளுடைய எதிர்ப்பு. சூரியின் பாத்திரம் கடைசியில் தன் கண்ணால் ஒன்றைக் காண்கிறது. அதன்பின் என்ன முடிவெடுப்பது என்பது பார்வையாளரிடம் விடப்படுகிறது. இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருந்தால் இன்னும் சிலர் மனம் ஒத்துப் பார்த்திருப்பார்கள். தமிழ்த்தாளைக் கணக்குத் தாளின் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் யாருக்கும் மதிப்பெண் கிடைக்காது.

டூரிஸ்ட் ஃபேமிலி: புகழ்ச்சியிலும் அவசரம் உண்டு

2025 மே 1 அன்று ‘ரெட்ரோ’வுடன் ஒரே நாளில் வெளிவந்தது அபிஷன் ஜீவிந்த்தின் முதல் படமான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. பார்த்தவர்கள் வாய்ச்சொல்லாலேயே வளர்ந்த படம். விரைவுக் கருத்துகள் சிறு படங்களை அழிக்க மட்டுமே செய்யும் என்ற வாதத்துக்கு இது மறுப்பு.

ஆனால் புகழ்ந்தவர்களும் "குடும்பத்தோடு பார்க்கலாம்" என்பதோடு நின்றுவிட்டார்கள். பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் தம் ஊரை மறைத்து, பேச்சை மறைத்துச் சென்னையில் வாழ்வதே கதை. அக்கம்பக்கத்தாரின் நல்ல மனத்தால் எல்லாம் சரியாகிவிடுவதாகப் படம் காட்டுகிறது. ஆவணம் இல்லாத வாழ்க்கை நல்ல மனத்தால் மட்டும் தீர்வதன்று. தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களை நினைத்தால் இது விளங்கும். சசிகுமார், சிம்ரன் நடிப்பும் படத்தின் நகைச்சுவையும் என்னையும் மகிழ்வித்தன. இருந்தும் இந்தக் கேள்வியை எழுப்பாத பாராட்டு அரைகுறைப் பாராட்டே.

இரண்டு விமர்சகர்கள்

தற்காலத்தில் மிகுதியாகப் பேசப்படும் இரு விமர்சகர்களை ஒப்பிடுவது மாணவர்களுக்கு உதவும். ‘தமிழ் டாக்கீஸ்’ யூடியூப் அலைவரிசையின் ‘ப்ளூ சட்டை’ மாறன் பேச்சுத்தமிழில், நையாண்டியுடன் கதையை வரிசையாகச் சொல்லி அதன் ஓட்டைகளைக் காட்டுகிறார். தர்க்கப் பிழையைக் கண்டுபிடிப்பதில் வல்லவர். பெரிய நடிகருக்கும் அஞ்சுவதில்லை. காட்சியமைப்பு, ஒளிப்பதிவு, நடிப்பின் நுட்பம் ஆகியவற்றுக்கு அவரிடம் இடம் குறைவு. அவர் ‘ஆன்டி இண்டியன்’ (2021) என்ற படத்தையும் இயக்கினார்.

2005ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்பட விமர்சகர் தேசிய விருது பெற்ற பரத்வாஜ் ரங்கன் ஆங்கிலத்தில் எழுதுபவர். ஒரு காட்சி ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்று இயக்குநரின் பக்கத்தில் நின்று பார்ப்பது அவருடைய முறை. நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வந்த சாதாரண ரசிகரின் அலுப்புக்கு அதில் இடம் குறைவு. ஒருவரிடம் துணிவையும் மற்றவரிடம் கவனத்தையும் கற்கலாம்.

தடை தீர்வாகுமா?

கங்குவாவுக்குப் பின் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், திரையரங்க வளாகத்தில் யூடியூபர்கள் ரசிகர் கருத்தைப் படம்பிடிக்க அனுமதிக்க வேண்டாம் என்று திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்கக் கோரி நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2024 திசம்பரில் நீதிபதி எஸ். சௌந்தர், விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று கூறி இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு கருத்துரிமையைத் தருகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள்வதையும் அனுமதிக்கிறது.

நீதிமன்றத்தின் முடிவு சரியானதே. மூன்று நாள் வாயை மூடச் சொன்னால், விளம்பரம் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். காசு பெற்றுப் புகழும் பதிவுகளை அந்தத் தடை தொடப்போவதில்லை.

மாணவர்களுக்கு

தீர்வு படிப்பவரிடம் இருக்கிறது. ஒரு விமர்சனத்தைக் கேட்கும்போது மூன்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது செய்தி: படம் 177 நிமிடம் ஓடுகிறது என்பது போல. இரண்டாவது விருப்பு வெறுப்பு: எனக்கு மெதுவாகப் போகும் படம் பிடிக்காது என்பது போல. மூன்றாவது மதிப்பீடு: இந்தக் கதைக்கு இந்த நீளம் ஏன் தேவை, அல்லது ஏன் தேவையில்லை என்ற காரணம். மூன்றாவது இல்லாவிட்டால் நீங்கள் கேட்டது விமர்சனம் அன்று.

அடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். படம் பார்த்த அன்றே ஒரு பக்கம் எழுதி மூடிவையுங்கள். ஒரு வாரம் கழித்து, அதைப் பார்க்காமல் இன்னொரு பக்கம் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால், உடனடிக் கருத்தில் எது நிலைத்தது, எது ஆறிப்போனது என்று தெரியும். கட்டுரை வகுப்பில் இப்பயிற்சியைக் கொடுத்தபோது, இரண்டு பக்கமும் அச்சாக ஒத்துப்போன மாணவரை நான் பார்த்ததில்லை.