கள்ளுக்கடையும் கஜானாவும்

சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் முதல் நாள் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் அடைக்கப்பட்டதை நம்மவர் இன்றும் பெருமையோடு பேசுகின்றனர். ஆனால் அந்தக் கதவடைப்பு நிலைக்கவேண்டுமென்று, அதைச் செய்த ராஜாஜி மந்திரிசபையே 1939-இல் கொண்டுவந்த பொது விற்பனை வரிச் சட்டத்தை மதுவிலக்கின் ஓர் அங்கமாக எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் ஏழைக் குடும்பங்களிடையே வாழ்ந்தும், 1929-இல் கல்கியின் துணையோடு 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தியும், குடியின் கொடுமையை நெருங்கிக் கண்டிருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகி வரவுசெலவுக் கணக்கைக் கையில் எடுத்தபோது, ஆப்காரி வருமானத்தைக் கைவிடாத சர்க்கார் குடியையும் கைவிடாது என்பதைத் தெளிவாக உணர்ந்தார். கடையை மூடுவதற்கு நல்லெண்ணம் போதும். வியாபாரிகளின் கோபத்தைத் தாங்கி மாற்று வரி விதிப்பதற்குத் துணிவு வேண்டும். மதுவிலக்குச் சரித்திரத்தில் நான் பெரிதாக மதிப்பது இந்த இரண்டாவது செயலையே.

சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று ஜில்லா ஜில்லாவாகப் பரவி, யுத்த காலத்தில் கைவிடப்பட்டு, 1948-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் மாகாணம் முழுவதையும் தழுவிய மதுவிலக்குச் சட்டத்தால் விளைந்த நன்மையை ஏளனம் செய்பவர்கள், கிடைப்பது குறைந்தால் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் நோய் குறையும் என்னும் எளிய உண்மையை மறுக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பாரிஸ் நகரத்தில் திராட்சை மது பங்கீட்டுக்கு உட்பட்ட சில ஆண்டுகளில் கல்லீரல் சுருக்க நோயால் மாண்டோர் தொகை மிகப் பெரிய அளவில் வீழ்ந்தது. உபதேசத்தால் அன்று, சரக்கு குறைந்ததாலேயே. 2019-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26 லட்சம் பேர் மதுவின் காரணமாக மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதே அளவு மது, வசதியுள்ளவனைவிட வறியவனுக்கே அதிகக் கேடு செய்கிறது என்பதும் அந்நிறுவனம் வலியுறுத்தும் செய்தி. ஊட்டமற்ற உடலும், எட்டாத வைத்தியமும், ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத வீடும் சேர்ந்தால் வேறென்ன நிகழும்?

எனினும் அச்சட்டத்தின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. வீரியம் குறைந்த கள்ளையும் வீரியம் மிகுந்த சாராயத்தையும் ஒரே தட்டில் வைத்துத் தடுத்ததால், ஒளித்து வைக்கவும் சுமந்து செல்லவும் எளிதான சாராயம் கள்ளின் இடத்தைப் பிடித்தது. காட்டிலும் ஓடைக்கரையிலும் ஊறல் போடுகிறவனும், அவனிடம் மாமூல் வாங்கும் காவலனும் தோன்றினர். பனையேறிகள் பதநீரையும் கருப்பட்டியையும் மட்டும் நம்பி வாழவேண்டியவராயினர். இவற்றினும் பெரிய குறையொன்று உண்டு. பல்லாண்டு குடித்துப் பழகிய உடலுக்குத் திடீரென்று மது நின்றால் கைநடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகும், சிலருக்கு உயிரே போகும். அத்தகையவனை நோயாளியாகக் கருதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்க, சட்டமோ அவனைக் குற்றவாளியாகக் கருதிக் கோர்ட்டுக்கு அழைத்துச் சென்றது.

தமிழ்நாட்டில் 1971 ஆகஸ்டில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி தளர்ந்தது, 1983-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் தோன்றி, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. தனியார் போட்டியை அகற்றி விற்பனையை அரசே ஏற்பது, விலையையும் நேரத்தையும் கடைகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்த உகந்த ஏற்பாடு என்பது ஸ்வீடன் முதலிய நாடுகளின் அனுபவம்; ஆயினும் அக்கருவி இங்கே கட்டுப்படுத்துவதைவிட வசூலிப்பதற்கே மிகுதியும் பயன்பட்டது. 2023-24 நிதியாண்டில் மதுவினால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. அதில் பெரும்பகுதி ஆயத்தீர்வை அன்று. விற்பனை வரியின் இன்றைய வடிவமான மதிப்புக் கூட்டு வரி. கள்ளுக்கடைகளை மூடுவதற்காகப் பிறந்த வரியின் வழித்தோன்றலே மதுக்கடை வாயிலில் நின்று வசூலிக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு உண்டாகும் துயரம் சிறிதன்று.

கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்ற வாதம் ஒவ்வொரு முறையும் எழுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மாநிலமெங்கும் ஏறத்தாழ 4,800 டாஸ்மாக் கடைகள் திறந்தே இருந்தன. முழு மதுவிலக்கு நடைமுறையிலிருந்த பீகாரின் சாரண் மாவட்டத்திலும் 2022 டிசம்பரில் அதே விதமாக 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே அச்சாவுகளுக்குக் கடை திறந்திருப்பதோ மூடியிருப்பதோ மூலகாரணமன்று. குவார்ட்டர் வாங்க இயலாத கூலித்தொழிலாளிக்குப் பாக்கெட் மலிவாகக் கிடைப்பதும், ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கும் மெத்தனால் ஆலைகளிலிருந்து கணக்கின்றி வெளியேறுவதுமே காரணங்கள். வரியால் விலையை உயர்த்துவது சிறந்த கட்டுப்பாடு என்று நிபுணர்கள் கூறுவது உண்மைதான். ஆனால் நம் நாட்டைப் போன்ற ஏழை நாட்டில் மெத்தனாலைக் காவல் செய்யாமல் விலையை மட்டும் உயர்த்தினால், மிக வறியவனை அந்தப் பாக்கெட்டை நோக்கித் தள்ளியவர்களாவோம்.

ஆதலால் ஒரே நாளில் எல்லாக் கடைகளையும் மூடு என்று முழங்குவோரோடு நான் சேரவில்லை; ஐந்நூறு கடைகளை மூடிவிட்டு, எஞ்சியவற்றில் விற்பனை ஏறுவதைப் பார்த்திருப்போரோடும் சேரவில்லை. முதலில் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடிநோயாளிகளுக்குப் படுக்கையும், பயிற்சி பெற்ற வைத்தியரும் வேண்டும். அதன்பின், மதுவருவாயில் இந்த ஆண்டு இத்தனை கோடியை விட்டுவிடுகிறோம், அதற்கு ஈடாக இன்ன வரியை இன்னாரிடம் வாங்குகிறோம் என்று நிதியமைச்சர் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதி, சட்டசபையின் சம்மதத்தைப் பெறவேண்டும். அந்த வரியைச் செலுத்தப் போகும் வசதியுள்ளவர்களாகிய நாம், 1939-இன் வியாபாரிகளைப் போல அதை எதிர்க்காதிருக்க வேண்டும்.