காக்கா ஆழியை அள்ளினால் போதுமா?

எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். 'காக்கா ஆழி' என்ற பெயரைக் கசப்போடுதான் சொல்வார். காக்கை நிறத்துச் சிறு சிப்பி அது. அறிவியற்பெயர் மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகள் அதன் தாயகம். கொசஸ்தலையாற்றின் அடிமண்ணில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமற் செய்துவிட்டது.

இதுபற்றி வரும் செய்திகளையும் திட்டங்களையும் படிக்கையில் ஒரு குறை உறுத்துகிறது. எவ்வளவு பரப்பு, அள்ள எத்தனை கோடி, அதை யார் கொடுப்பது என்பதே பேச்சு. அவ்வுயிர் எப்போது, எப்படிப் பெருகுகிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

பெருக்கத்தைச் சற்றுப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்ந்ததுமே இச்சிப்பி இனப்பெருக்கத்துக்குத் தயார், விரல் நகத்தளவுதான்! ஆண் விந்தணுக்களையும் பெண் முட்டைகளையும் நீரிலேயே விடுகின்றன. கருவுற்ற முட்டை, கண்ணுக்குப் புலப்படாத இளவுயிரியாகிச் சில நாட்கள் ஓதத்தோடு மிதந்து திரியும். பிறகு நூல் போன்ற இழைகளால் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். எந்தப் பொக்லைனும் இந்த இளவுயிரியை அள்ளாது. இன்னொரு விந்தை: ஆய்வுக்கூடத்தில் பட்டினி போட்டபோது பெண் சிப்பிகள் பல ஆணாக மாறின. வறுமையிலும் வம்சத்தை விடாத பிராணி!

மழை வெள்ளம் வந்தால் செத்துவிடும் என்பாரும் உண்டு. கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. இச்சிப்பியோ 2 முதல் 40 பங்குவரை தாங்கவல்லது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

அள்ளவே கூடாதென்பதன்று என் வாதம். வலை வீச இடமிழந்தவருக்கு அது உடனடித் தேவை. ஆனால் காலம் பார்க்க வேண்டாமா? ஆழியினச் சிப்பிகளை முட்டையிடத் தூண்ட, வளர்ப்போர் அவற்றை உலுக்குவதும் வெந்நீர் காட்டுவதும் உண்டு. முட்டை முற்றிய பருவத்தில் இயந்திரத்தை இறக்கினால், அள்ளப் போனவரே விதைத்துவிட்டு வரக்கூடும். மாதந்தோறும் சில சிப்பிகளைப் பிளந்து இனச்சுரப்பியைப் பார்ப்பதும், நுண்வலையால் நீரை அரித்து இளவுயிரிகளை எண்ணுவதும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல; கல்லூரி விலங்கியல் மாணவரே செய்யக்கூடியவை.

வந்த வழியையும் மறக்கலாகாது. சரக்கில்லாக் கப்பல் நிலைகுலையாதிருக்க ஒரு துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ளும் நீரை மற்றொன்றில் கொட்டுகிறது. இச்சிப்பி நாடுவிட்டு நாடு பரவ அந்நீரே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அந்நீரைச் சுத்திகரித்தே வெளியேற்றச் சொல்லும் உலக உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. அங்கே இறங்கும் நீரைச் சோதிப்பது, அள்ளும் செலவுக் கணக்கோடு சேர்ந்தே பேசப்பட வேண்டிய செய்தி.