வாடகைக்காரர் கட்டும் சலுகை

டெக்சஸ் மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் சொத்து வரியை நம்பித்தான் நடக்கின்றன. அந்தச் சுமை குடியிருப்பவரை வீட்டை விட்டே கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக இருப்பது ‘ஹோம்ஸ்டெட்’ விலக்கு. உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் வரி போடுவார்கள். பள்ளி வரிக்கான இந்தக் கழிவு 2022இல் 40,000 டாலர், 2023இல் 1,00,000, 2025 நவம்பர் வாக்கெடுப்பால் 1,40,000. வரி நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,000 கட்ட வேண்டியவர் 600 கட்டினால் போதும். 10 லட்சம் டாலர் மாளிகைக்கும் குறைவது அதே 1,400தான். முன்னவருக்கு 70 சதவீதம் மிச்சம், பின்னவருக்கு 14. எல்லாருக்கும் ஒரே தொகையைக் கழிப்பதில் உள்ள இந்த நியாயத்தை முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால் அந்த நியாயம் சொந்த வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது. வாடகைக்கு விடும் அடுக்ககத்துக்கு இந்தக் கழிவு இல்லை. வாடகையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, வரி அல்ல என்பார்கள். ஓரிரு வருடங்களுக்கு அது சரி. நாளடைவில், வரி கூடினால் புதிதாகக் கட்டுபவர் தயங்குவார். வீடுகள் குறைய, வாடகை ஏறும். இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. விலக்கால் பள்ளிகள் இழக்கும் பணத்தை மாநிலக் கருவூலம் ஈடுகட்டுகிறது. கருவூலத்தின் பெரிய வருவாயோ 6.25 சதவீத விற்பனை வரி. பிள்ளைக்குச் செருப்பு வாங்கும் வாடகைக்காரர், கடையில் நீட்டும் பணத்திலிருந்தே பக்கத்து வீட்டுக்காரரின் சலுகைக்கும் பங்கு கொடுக்கிறார். அவருக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை.

ஓய்வுபெற்ற முதியவரின் வீட்டு மதிப்பு ஏறினாலும் கைக்காசு ஏறுவதில்லையே என்ற வாதம் வலுவானது. அதற்காகத்தான் வருமானத்தைப் பார்த்து உதவ வேண்டும் என்கிறேன். விஸ்கான்சின் மாநிலம் 1964 முதல் அப்படித்தான் செய்கிறது. அங்கே வாடகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். வெப்பமூட்டும் செலவு வாடகையில் சேராவிட்டால் வாடகையில் 25 சதவீதத்தையும், சேர்ந்திருந்தால் 20 சதவீதத்தையும் அவர் கட்டிய சொத்து வரியாகவே கணக்கில் கொள்கிறார்கள். வருமான வரியே இல்லாத டெக்சஸ் வருமானத்தை எப்படி அறியும் என்று கேட்கலாம். கூட்டாட்சி அரசுக்குத் தாக்கல் செய்யும் வருமான வரிப் படிவத்தின் நகல் போதும். இன்றைய விலக்குக்கே ஓட்டுநர் உரிமத்தின் நகலைக் கேட்டு, அதிலுள்ள முகவரி வீட்டு முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள்; இன்னொரு தாளை இணைக்கச் சொல்வது பெரிய தொல்லையாகிவிடாது.